மதிப்பிற்குரிய இருளம்மாள்

ஜூன் 9, திங்கள்

குழம்பில் புளி கூடிவிட்டது. இவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டால் வாயில் வைக்க முடியவில்லை என்று அர்த்தம். சத்தியநாதன் காரியாபட்டியில் கணக்கு வாத்தியார். பெண்டாட்டியைத் திட்டுவதில்கூட மனிதருக்கு அம்புட்டுச் சிக்கனம்.

கை கழுவிவிட்டு வந்து, "ஒங்க சன்னல் எப்படி இருக்கு? காத்து வருதா?" என்றார். கிண்டல். எங்கள் அரசாங்க மனுத் திட்டத்துக்கு 'சாளரம்' என்று பேர் வைத்தோம். ஊரெல்லாம் அதைச் 'சன்னல் ஆப்' ஆக்கிவிட்டார்கள். எப்படியோ கூப்பிட்டுக்கொள்ளட்டும். போனிலேயே மனு போடலாம். அந்த மனு எந்த ஆபீஸுக்குப் போயிருக்கிறது, யார் மேஜையில் தூங்குகிறது, என்ன பதில் எழுதினார்கள் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்; போட்டவர் பேர் மட்டும் தெரியாது. ஒருமுறை ஏறிய மனுவை யாராலும் அழிக்க முடியாது. அழிக்கிற பட்டனே இருக்கக் கூடாது என்று கூட்டத்தில் தொண்டைத் தண்ணீர் வற்றச் சண்டை போட்டவள் நான்தான். பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராக இருந்த காலத்தில் எந்தச் சண்டையிலும் ஜெயித்ததில்லை. இதில் ஜெயித்தேன்.

இவர் பள்ளிக்கூட வாசலில் சாக்கடை மூடி உடைந்து, பிள்ளைகள் விழுந்து விழுந்து எழுந்தார்கள். சாளரத்தில் போட்டேன். மறுவாரமே புது மூடி வந்துவிட்டது. "தற்செயலா வந்திருக்கும்" என்கிறார். தற்செயலாம்! வாத்தியார்களுக்கு நல்லது நடந்தால் நம்பவே வராது.

சனிக்கிழமை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு தெருவில் முகாம். வெடிக் கம்பெனிக்குப் போகிறவர்கள் இருக்கிற தெரு. நன்றாக நடக்க வேண்டும்.


ஜூன் 14, சனி

வேலை விட்டு வந்தால்தான் சனம் சேரும் என்று சாயங்காலம் வைத்தோம். சமுதாயக்கூடத்தில் நல்ல கூட்டம். குடிதண்ணீர், பட்டா, முதியோர் பென்ஷன். கை ஓயாமல் டேப்லெட்டில் மனுக்களை ஏற்றினேன்.

எல்லோரும் போகிற வரைக்கும் ஒரு அம்மா சுவரோரமாகவே நின்றார். இருளம்மாள். விரல் நுனியெல்லாம் வெள்ளி நிறத்தில் மினுங்கியது. அலுமினியப் பொடி. கழுவினாலும் போகாதாம்.

"கம்பெனில ஒரு ரூமுக்கு நாலு பேருதான் இருக்கணும்மா. சீசன்ல ஆளு கூடிப்போகும். மிச்சப் பேர வெளிய வேப்ப மரத்தடியில ஒக்கார வச்சிருவாக. அங்கன வச்சேதான் வெடிக்கு மருந்து அடைக்கிறது. உச்சி வெயிலு. கீழ எல்லாம் சரளைக் கல்லு. ஒரசுனா முடிஞ்சுச்சு."

"இதை இம்புட்டு நாளா யாரும் சொல்லலையாக்கா?"

"யாருகிட்டச் சொல்ல? நான் ஒருத்தின்னா பேசாமத்தான் இருந்திருப்பேன். இந்த வருசம் எம் மகளையும் அங்கன ஒக்கார வச்சிட்டாக."

மகள் பேர் ஓவியா. பிளஸ் டூ முடித்தவள். கம்பெனியை மூடச் சொல்லி எழுத வேண்டாம் என்று இருளம்மாள் திரும்பத் திரும்பச் சொன்னார். "மூடிட்டா நாங்க எங்க போக? மரத்தடியில வேல குடுக்காம ரூமுக்குள்ள குடுத்தாப் போதும்." அம்புட்டுதான் அவர் கேட்டது.

போட்டோ இருந்தால் மனுவுக்குப் பலம் என்றேன். "போனு கம்பெனி கேட்டோட சரிம்மா. பீடி, தீப்பெட்டி, போனு, எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டுத்தான் உள்ள விடுவாக" என்றார். சரி, போட்டோ இல்லாமலே ஏற்றினேன். ரேஷன் கார்டு நம்பரைப் போட்டால் பேர், தெரு, போன் நம்பர் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நல்ல வசதி.

"கார்டுல இருக்கிற நம்பருக்கு மெசேஜ் வரும். சரியாக்கா?"

"சரிம்மா." கொஞ்சம் தயங்கினார். "எம் பேரு வெளிய தெரியுமா?"

"யாருக்கும் தெரியாது. அதுக்கு நான் பொறுப்பு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சன்னலோர சீட்டு கிடைத்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வேலை செய்த மாதிரி இருந்தது.


ஜூன் 17, செவ்வாய்

மனு சம்பந்தப்பட்ட துறைக்குப் போய்விட்டது. 'பரிசீலனையில்' என்று காட்டுகிறது. ஒப்புகை மெசேஜும் இன்று போயிருக்கும்: "மதிப்பிற்குரிய இருளம்மாள் அவர்களே, மரத்தடியில் வெடிமருந்து அடைக்கப்படுவது தொடர்பான தங்கள் புகார் பெறப்பட்டது." முதலில் 'மனுதாரர் கவனத்திற்கு' என்றுதான் வைத்திருந்தார்கள். அடிச்சு மாத்தி 'மதிப்பிற்குரிய' போட வைத்தது நான். இதுவரை யார் அவரை அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? ஓவியா வாசித்துக் காட்டியிருப்பாள். அம்மாவுக்கு வெட்கம் வந்திருக்கும்.


ஜூன் 18, புதன்

காலையில் இட்லிப்பானை அடுப்பில் இருக்கும்போது தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மேடம், நான் ஓவியா. இருளம்மா மக. முகாம்ல ஒங்க நம்பர் போட்டிருந்தீகல்ல."

"சொல்லும்மா."

"வேன் நிக்கல மேடம்."

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். கம்பெனி வேன் விடிந்ததும் தெருமுனையில் வந்து ஹாரன் அடிக்கும். பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். வேன் நின்றால் அன்றைக்கு வேலை உண்டு. இன்று ஹாரன் அடித்தது, ஆனால் நிற்கவில்லை. தெருவே நின்று பார்த்துக்கொண்டிருக்க, வேகத்தைக் கூடக் குறைக்காமல் போய்விட்டது.

"ஏம்மா?"

"மெசேஜ் போர்மேன் போனுக்குப் போயிருச்சு மேடம்."

போர்மேன் பேர் கருத்தப்பாண்டி. அதே தெருக்காரர். இருளம்மாள் கார்டில் இருப்பது அவர் நம்பர். அந்தத் தெருவில் முக்கால்வாசிக் கார்டில் அவர் நம்பர்தானாம். மருந்தில் கிடந்து கை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினில் இவர்களுக்கு ரேகை விழாது. ரேகை விழாவிட்டால் போனுக்கு வருகிற ஓடிபியைச் சொன்னால்தான் அரிசி. அப்போது தெருவில் ஒழுங்கான போன் வைத்திருந்தது அவர் ஒருத்தர். எல்லோரும் அவர் நம்பரையே கொடுத்தார்கள். அப்புறம் வீட்டுக்கு வீடு போன் வந்தும் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அரிசிக்கு அவர், தடுப்பூசிக்கு அவர், பிள்ளைகள் ஸ்காலர்ஷிப்புக்கு அவர்.

மதிப்பிற்குரிய இருளம்மாள் அவர்களே என்று நான் எழுதியதை அவர் வாசித்திருக்கிறார். கொண்டுபோய் ஓனரிடம் காட்டியிருக்கிறார்.

அடிப்பாவி ஜெனிட்டா. 'இது யாரு நம்பருக்கா?'ன்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? பேரு தெரியாது, அதுக்கு நான் பொறுப்புன்னு பெரிய இவளாட்டம் சொல்லிட்டு வந்தியே.

இட்லிப்பானை தண்ணி வத்திக் கருகிப்போச்சு. 


ஜூன் 20, வெள்ளி

இன்றும் நிற்கவில்லை.


ஜூன் 22, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் அப்படியே வெம்பக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன். இவர் வேண்டாம் என்றார். "நீ போயி என்ன செய்யப்போற?" கேள்வி சரிதான். ஆனாலும் போனேன்.

தெருவுக்குள் நுழைந்ததுமே பக்கத்து வீட்டு முத்துச்செல்வி பிடித்துக்கொண்டாள். "வாங்க, வாங்க. நல்லாருக்கீகளா? ஒங்களுக்கென்ன, காத்தாடிக்குக் கீழ ஒக்காந்து தட்டிட்டுப் போயிருவீக. சீசன்ல ஓடுனாத்தான் மிச்ச மாசம் எங்களுக்குக் கஞ்சி. இவ மக ஒருத்திக்காக எங்க அம்புட்டுப் பேரு வாயிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டாளே!"

இருளம்மாள் வாசலில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். தப்பு என்னோடதுதான் என்று சொன்னேன். முத்துச்செல்வி, "சொன்னா வேன் நிக்குமா?" என்றாள்.

கருத்தப்பாண்டி வீட்டுக்கும் போனேன். நல்லாக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டுதான் போனேன். அவரோ நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "டீ சாப்பிடுதீகளா மேடம்?" என்கிறார். 

"நான் யாருக்கும் கெடுதல் நினைக்கல மேடம். எம் போனுக்கு வந்துச்சு. நாளைக்கு ஓனருக்கு வேற வழியாத் தெரிஞ்சா, 'ஒனக்கு வந்தத ஏன்டா மறைச்ச'ன்னு மொத என்னையத்தான் வெரட்டுவாரு. எனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைக."

"இப்ப என்ன செய்யணும்கிறாரு?"

"சன்னல்ல அது தெரியக் கூடாதாம். வெளியூர்ல ஆர்டர் குடுக்கிறவன்கூடப் பாக்கான்னு கோவப்படுதாரு. அத மட்டும் அழிச்சிருங்க. மறுநாளே வேன் நிக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

நான் சொன்ன அதே வார்த்தை. அவர் சொன்னால் நடக்கும், அதுதான் வித்தியாசம்.

கிளம்பும்போது இருளம்மாள் பஸ் ஸ்டாப் வரை வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அழிச்சிருங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.


ஜூன் 23, திங்கள்

அழிக்க முடியாது. எனக்குத் தெரியாதா? ஆனாலும் இராமகிருஷ்ணன் சாரிடம் போய் நின்றேன். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைமை.

"அழிக்கிற பட்டனே கூடாதுன்னு மேஜையத் தட்டுனது யாரும்மா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "மெட்ராஸ்ல இருக்கிறவனாலயே முடியாது. துறை ஆய்வு பண்ணி முடிச்சு வைக்கணும். அப்பத்தான் 'தீர்க்கப்பட்டது'ன்னு மாறும். அதுவரைக்கும் அது அங்கதான் கெடக்கும்."

"மனு போட்டவங்க நம்பரைச் சரிபார்க்காம மெசேஜ் போகுது சார்."

"நம்பரை அப்டேட் பண்றது குடிமக்கள் பொறுப்பும்மா."

குடிமக்கள் பொறுப்பு. எழுந்து வந்து பாத்ரூமில் முகம் கழுவினேன். நல்ல வேளை அழுகை அதுக்குள் நின்றுவிட்டது.


ஜூன் 27, வெள்ளி

பரிசீலனையில்.


ஜூலை 2, புதன்

பரிசீலனையில். தெருவில் பாதிப் பேர் கருவேல மரம் வெட்டப் போகிறார்களாம். ஓவியா சொன்னாள். முள் குத்தி அம்மாவுக்கு உள்ளங்கால் வீங்கிவிட்டதாம். "நீங்க மனசுல வச்சுக்கிடாதீங்கக்கா" என்று அந்தப் பிள்ளை எனக்கு ஆறுதல் சொல்கிறது. மேடம் என்பது எப்போது அக்கா ஆனது என்று தெரியவில்லை.

இவரிடம் எரிந்து விழுந்தேன். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச" என்றார், அதுக்கு. நல்லதுக்குச் செஞ்சா மட்டும் போதுமா? பரீட்சையில் தப்பாப் போட்ட கணக்குக்கு, நல்ல எண்ணத்தோட போட்டான்னு மார்க் குடுப்பீங்களா?


ஜூலை 8, செவ்வாய்

தீர்க்கப்பட்டது!

காலையில் திரையில் பச்சையாகப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். வேன் நிற்கும் என்று ஒரு சந்தோஷம். போய்ப் பார்த்திருக்கிறார்களே, மரத்தடி வேலையை நிறுத்தியிருப்பார்களே என்று இன்னொரு சந்தோஷம். பிறகு அறிக்கையைத் திறந்தேன்.

"கள ஆய்வின்போது மரத்தடியில் எவரும் பணிபுரியவில்லை என்பது கண்டறியப்பட்டது." கூடவே போட்டோ. வேப்ப மரம். நல்ல நிழல். கீழே கூட்டிப் பெருக்கிய மண், ஒரு சரளைக் கல் இல்லை. ஓரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, நேரம்.

ஆறாம் தேதி காலை. ஞாயிற்றுக்கிழமை! கம்பெனிக்கே லீவு. நான் ஆராதனையில் முழங்காலில் நின்று இதற்காகத்தான் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த நேரம்.

போட்டோவில் யாரும் ஏமாற்றக் கூடாது என்றுதான் இடமும் நேரமும் தானாகப் பதிகிற மாதிரி வைத்தோம். யாரும் ஏமாற்றவில்லை. இடம் நிஜம், நேரம் நிஜம், மரம் நிஜம். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் எவரும் பணிபுரியவில்லை என்பதும் நிஜம்தானே. யாரைப் போய் என்னவென்று கேட்க?


ஜூலை 9, புதன்

மனு முடிந்தால் மனுதாரருக்கு ஒரு போன் போகும். கம்ப்யூட்டர் பேசும். "மிகவும் திருப்தி எனில் எண் ஒன்றை அழுத்தவும்." அந்தக் குரல் என்னுடையது. சர்ச் கொயரில் பாடுகிறவள் என்று ஆபீஸில் என்னையே பேச வைத்துப் பதிந்தார்கள்.

இருளம்மாளுக்குப் போக வேண்டிய போன் கருத்தப்பாண்டிக்குப் போயிருக்கிறது. ஒன்றை அழுத்திவிட்டார்.

மனுதாரர் மிகவும் திருப்தி.

இன்று வேன் நின்றதாம்.


ஜூலை 11, வெள்ளி

திருப்தி இல்லை என்று மனுதாரர் சொன்னால் ஏழு நாளைக்குள் மனுவை மறுபடி திறக்கலாம். அதைக் கேட்கத்தான் முதல் பஸ்ஸில் போனேன். தெருமுனையில் தூக்குவாளிகளோடு எல்லோரும் நின்றார்கள்.

"அக்கா, இன்னும் நாள் இருக்கு. நீங்க சரின்னு சொன்னாப் போதும், திறந்திரலாம். இந்தத் தடவை என் நம்பரைப் போடுறேன். ஞாயித்துக்கிழமை போட்டோ எடுத்தாங்கன்னு நானே எழுதுறேன்."

இருளம்மாள் என்னைப் பார்க்கவில்லை. வேன் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "வேணாம்மா. இப்பத்தான் நிக்குது."

"ஓவியா?"

"அவளும்தான் வாரா."

"அவளை எங்க உக்கார வைக்காங்க?"

அவர் பதில் சொல்வதற்குள் ஹாரன் கேட்டது. முத்துச்செல்வி முதலில் ஏறி இருளம்மாளுக்கு இடம் பிடித்தாள். அவர்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது போல. ஓவியா ஏறும்போது திரும்பி, "போயிட்டு வாரேன்க்கா" என்று சிரித்தாள். நகத்தில் புதுசாக மருதாணி. விரல் நுனிகளில் அந்த வெள்ளிப் பொடி ஏறியிருந்தது.


ஜூலை 15, செவ்வாய்

கடைசி நாள். மனுதாரரைக் கேட்காமலேயே மனுவைத் திறக்க எனக்கு அனுமதி உண்டு. மத்தியானத்திலிருந்து அந்தப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். திறந்தால் வேன் நிற்காது. திறக்காவிட்டால் அந்தப் பிள்ளை மரத்தடியில். எதைச் செய்தாலும் அனுபவிக்கப்போவது நான் இல்லை. அப்புறம் எந்த உரிமையில் அமுக்குவது?

அமுக்கவில்லை. ஆபீஸ் விடுவதற்குள் தானாகப் பூட்டிக்கொண்டது. சரி என்று செய்தேனா, பயந்து செய்தேனா — தெரியவில்லை.


ஆகஸ்ட் 19, செவ்வாய்

மதியம் வாட்சப்பில் வந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் வெடி விபத்து. கம்பெனி பேர் இல்லை. புகை மட்டும் போட்டோவில்.

ஓவியாவுக்குப் போட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது. கம்பெனி கேட்டில் போனை வாங்கி வைத்திருப்பார்கள், தெரியும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போட்டேன். வேறு வழியில்லாமல் அவருக்கே போட்டேன். கருத்தப்பாண்டிக்கு. முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"நம்ம கம்பெனி இல்ல மேடம். அது வேற. நம்மாளுக எல்லாம் பத்திரமா இருக்காக."

"ஸ்தோத்திரம்" என்று வாய் தானாகச் சொன்னது. 

சொன்ன பிறகுதான் உறைத்தது. எதுக்குடி ஸ்தோத்திரம்? அங்க கருகிக் கெடக்கிறது யாரு வீட்டுப் பிள்ளை? அவளுக்கும் ஒரு தெரு இருக்கும், ஒரு வேன் வந்து நின்னிருக்கும். அந்தத் தெருவுக்கு நான் முகாம் போகலை, அதனால அது எனக்கு யாரோ. இப்படியா ஆயிட்டேன் நான்?

இன்னொன்றும் உறைத்தது. எனக்கும் ஒரு அவசரம் என்றதும் அவர் நம்பர்தான் கைக்கு வந்தது.

ஆறு மணிக்கு மேல் ஓவியா கூப்பிட்டாள். "என்னக்கா, இம்புட்டு மிஸ்டு கால்?" சும்மாதான் என்றேன்.


செப்டம்பர் 12, வெள்ளி

மனு போடுகிறவர் கையில் இருக்கும் நம்பரைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே மெசேஜ் போக வேண்டும் என்று எழுதி அனுப்பியிருந்தேன். பதில் வந்துவிட்டது. அப்படிச் செய்தால் பதிவுகள் குறையும், மக்கள் பங்கேற்பு விகிதம் பாதிக்கப்படும், எனவே ஏற்க இயலவில்லை. இராமகிருஷ்ணன் சார் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "விடுங்கம்மா, காபி குடிங்க" என்றார். குடித்தேன்.

சாயங்காலம் ஓவியாவுக்குப் போன். எடுத்தாள். இப்போதெல்லாம் தினமும் போடுகிறேன். எடுத்துவிட்டால் வைத்துவிடுவேன்.


அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. தெருவெல்லாம் வெடி. ஒவ்வொரு சத்தத்துக்கும் யார் கை அடைத்த மருந்தோ என்று தோன்றுகிறது. இவர் எழுந்து போய் சன்னலைச் சாத்தினார்.


டிசம்பர் 18, வியாழன்

ஜனவரியில் சாளரத்துக்கு ஆண்டு விழா. 'சிறந்த மக்கள் பங்கேற்பாளர்' என்று விருது கொடுக்கப்போகிறார்கள். ஒரே போன் நம்பரிலிருந்து எத்தனை மனு, எத்தனை கருத்து, எத்தனை திருப்தி என்று கம்ப்யூட்டரே கூட்டி முதல் ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

பார்க்காமலே சொல்லிவிடுவேன். பார்த்தேன். அதே நம்பர்தான், கருத்தப்பாண்டியுடையது.

சாரிடம் ஓடினேன். "இது ஒரு ஆள் இல்ல சார், ஒரு தெரு! அந்தத் தெருவுல ஒருத்தருக்கும் இதுல பாதி தெரியாது. யாருக்காகவோ இவரு ஒண்ணை அமுக்கிட்டே இருக்காரு."

"தெரியுது" என்றார். நிஜமாகவே தெரிந்துதான் இருக்கிறது அவருக்கு. "சிஸ்டம் எடுத்துக் குடுத்திருக்கு. அதை நான் மாத்துனா, இராமகிருஷ்ணன் ஆள் பார்த்து மாத்துறான்னு சொல்வாங்க. ஆள் பார்த்து மாத்தக் கூடாதுன்னுதானம்மா இதைக் கொண்டுவந்தோம்?"

சிரிப்பு வந்தது. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் ஒரு மாதிரி பார்த்தார்.


ஜனவரி 29, வியாழன்

ஆண்டு விழா. சூலக்கரைக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி ஒருத்தர் வந்தார். மைக்கில் பேர் வாசிக்கிற வேலை எனக்கு. குரல் நன்றாக இருக்கிறதல்லவா.

கம்பெனி வேன் வந்து மண்டப வாசலில் நின்றது. தெருப் பெண்கள் இறங்கினார்கள். கருத்தப்பாண்டி விருது வாங்குவதைப் பார்க்க ஓனரே அனுப்பி வைத்தாராம். முன்வரிசையில் இருளம்மாள், கல்யாணத்துக்கு வந்த மாதிரி புதுச்சேலையில்.

"சிறந்த மக்கள் பங்கேற்பாளர், மதிப்பிற்குரிய கருத்தப்பாண்டி அவர்கள்." நான்தான் வாசித்தேன். குரல் பிசிறவில்லை. அவர் வெள்ளை வேட்டியில் மேடையேறி, கேடயத்தை வாங்கி, மைக் முன்னால் நின்று அழுதுவிட்டார். "எங்க சனத்துக்கு ரேகை விழாதுங்கய்யா. போனும் தெரியாது. ஏதோ என்னால ஆனது" என்றார். பொய்யில்லை. அந்த மனிதரை வெறுக்கலாம் என்று எத்தனையோ தடவை முயற்சி செய்துவிட்டேன், அதுவும் வரமாட்டேன் என்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள். இருளம்மாளும் தட்டினார். முத்துச்செல்வி விசிலே அடித்தாள்.

சாப்பாட்டுப் பந்தியில் இருளம்மாள் என்னைத் தேடி வந்து கையைப் பிடித்தார். "மெலிஞ்சு போயிட்டீகளேம்மா. சாப்பிடுறீகளா இல்லையா?"

"ஓவியா வரலையாக்கா?"

"இல்லம்மா. எலெக்சன் வருதுல்ல, ஆர்டர் வந்து குமிஞ்சு கெடக்கு. லோடு இன்னைக்கே ஏறணும்னு வயசுப் பிள்ளைகள எல்லாம் அங்கனயே நிப்பாட்டிட்டாக." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரூமு பத்தல. இப்பமும் அந்த மரத்தடியிலதான் ஒக்காந்திருக்கா."

என் முகத்தில் என்ன பார்த்தாரோ, பிடித்த கையை இறுக்கினார்.

"ஏதோ ஒங்ககிட்டன்னு சொல்லிட்டேன். எழுதிறாதீகம்மா. ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்."

"எழுத மாட்டேன்க்கா."

வாசலில் ஹாரன் கேட்டது. "வேன் போயிரும்" என்று இலையில் பாதியை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

வாக்குக் கொடுத்துவிட்டேன். சாளரத்தில் எழுதவில்லை. யாரும் பார்க்காத இந்த ஒரு இடத்தில் எழுதி வைக்கிறேன், எங்காவது இருக்கட்டும் என்று. 

சாயங்காலம் ஓவியாவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. லோடு ஏறி முடிந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன். இவர் இரண்டு தட்டிலும் சோறு போட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை எடுத்தாள். "என்னக்கா?" என்றாள்.

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.